கைவிடப்பட்ட நாய், பூனைக்குப் புது வீடு: எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் தென்சென்னையில் ஆறு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மற்றவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். பெயர்ப்பலகை இல்லை, ஷெல்டர் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. வீட்டில் வளர்ந்து தெருவுக்கு வந்துவிட்ட நாய்களையும் பூனைகளையும் எங்கள் வீடுகளில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, அவற்றுக்கு நல்ல வீடு தேடிக் கொடுக்கிறோம். வாரம் பத்துப் பதினைந்து அழைப்பு வருகிறது. கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

எங்கள் தெருவில் புதிதாக ஒரு நாய் நிற்கிறது. தெருநாயா, யாராவது விட்டுவிட்டுப் போனதா, எப்படித் தெரிந்துகொள்வது?

ஐந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள், பெரும்பாலும் தெரிந்துவிடும். தெருவில் பிறந்த நாய்க்கு எப்போது ஒதுங்க வேண்டும், எந்த டீக்கடையில் பொறை கிடைக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. வீட்டில் வளர்ந்தது நடுச்சாலையில் நிற்கும். ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாது. குப்பைத்தொட்டிப் பக்கம் போனால் அந்தத் தெரு நாய்கள் விரட்டிவிடும். கழுத்தில் பெல்ட் இல்லாவிட்டாலும் பெல்ட் இருந்த இடத்தில் முடி தேய்ந்து வளையமாகத் தெரியும். தார்ச்சாலையில் நடந்து பழக்கமில்லாததால் நகம் நீண்டு வளைந்திருக்கும்.

விட்ட இடத்தைவிட்டு அது நகராது. பல வருடமாகப் பார்க்கிறோம், இது மட்டும் எங்களுக்கு இன்னும் பழகவில்லை. மேடவாக்கம் பக்கம் ஒரு ஸ்பிட்ஸ், ஏடிஎம் வாசலில் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் கார் எது வந்து நின்றாலும் எழுந்து போய்ப் பின்கதவை ஒட்டி நிற்கும். வேறு யாராவது இறங்கினால் திரும்பி வந்து அதே படியில் உட்கார்ந்துகொள்ளும்.

அதற்காக எல்லாமே விட்டுவிட்டுப் போனவை என்று முடிவுகட்டவும் கூடாது. தீபாவளி வாரத்தில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடிவந்த நாய்கள்தான் அதிகம். அவற்றைத் தேடி ஒரு வீடே அழுதுகொண்டிருக்கும். அதனால் முதலில் பழைய வீட்டைத் தேடுங்கள். ஏரியா வாட்ஸ்அப் குழுக்களில் படம் போடுங்கள். இஸ்திரி வண்டிக்காரர், வாட்ச்மேன், தண்ணீர் கேன் போடும் பையன் மூவரையும் கேளுங்கள். அந்தந்த ஏரியாவில் எந்த வீட்டில் என்ன நாய் என்பது இவர்களுக்குத் தெரியும். அப்புறம் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். தோலுக்கு அடியில் அரிசி அளவில் இருக்கும் சிப், 15 இலக்க எண் காட்டும். அந்த எண்ணை வைத்து, பதிவு செய்த உரிமையாளரைத் தேடலாம்.

சரி, யாரும் தேடி வரவில்லை. முதல் சில நாள் நான் என்ன செய்ய வேண்டும்?

தண்ணீர் வையுங்கள். பல நாள் பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே நேரத்தில் வயிறு நிறையப் போடாதீர்கள். குழைந்த சோறும் வேகவைத்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு நாலு தடவை. கிரீம் பிஸ்கெட் வேண்டாம். பிடிக்க ஓடாதீர்கள், முகத்துக்கு நேராகக் கை நீட்டாதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து, அது வரும்வரை செல்போனை நோண்டிக்கொண்டிருங்கள்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டு வாரம் இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும். இதில் சலுகையே கிடையாது. நாய்களுக்கு வாந்தி, ரத்தபேதி கொண்டுவரும் பார்வோ வைரஸ் உடம்புக்குள் வந்து அறிகுறி தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும். தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அது சாகாது, ப்ளீச்சிங் கரைசல்தான் வேண்டும். உண்ணியையும் பாருங்கள். காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் ஒளிந்திருக்கும். ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

கடித்துவிட்டாலோ பிறாண்டிவிட்டாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல் சொன்ன தேதிகளில் எல்லாவற்றையும் போட்டு முடிக்க வேண்டும். அடிக்கடி நாய் தூக்குகிறவர்களான நாங்கள் ஆறு பேரும் முன்கூட்டியே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டு நாயை வைத்துக்கொள்ள முடியவில்லை. உங்கள் ஷெல்டரில் கொண்டுவந்து விடலாமா? ப்ளூ கிராஸில் விடலாமா?

எங்களுக்கு ஷெல்டர் இல்லை. இருந்தாலும் "விட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருக்க மாட்டோம்.

விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் 1959-இல் இதே சென்னையில் ஆரம்பித்தது. மெட்ராஸ் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்த காலத்திலேயே, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யுங்கள் என்று சொன்னவர்கள். அடிபட்டது, கால் உடைந்தது, புண்ணில் புழு வைத்தது எல்லாம் அவர்களைப் போன்றவர்களிடம்தான் போகின்றன. நன்றாக நடமாடும் உங்கள் வீட்டு நாய் அங்கே போனால், உயிருக்குப் போராடும் ஒரு நாயின் இடத்தைத்தான் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. கட்டிலில் படுத்துப் பழகிய நாயை ஐம்பது நாய்கள் குரைக்கும் இடத்தில் விட்டால் பல நாய்கள் சாப்பாட்டை நிறுத்திவிடும். வயதானவை சீக்கிரம் ஒடுங்கிவிடும். தடுப்பூசி முடியாத குட்டியை எந்த ஷெல்டரில் விட்டாலும் நோய் ஒட்டும் ஆபத்து உண்டு. எங்கள் அனுபவத்தில், ஒரு நாய்க்கு வீடு எளிதாகக் கிடைப்பது அது இன்னும் தன் வீட்டில் இருக்கும்போதுதான். படத்தில் தெளிவாக இருக்கும். என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும் என்று சொல்ல ஆள் இருக்கும். தெருவுக்கு வந்து மூன்று வாரம் ஆன அதே நாய் சொறியோடு, யாரும் திரும்பிப் பார்க்காத நிலையில் வந்து சேரும். ஆகவே தேடுகிறவரை வைத்துக்கொள்ளுங்கள். தேடுவதற்கு நாங்கள் உதவுகிறோம்.

அடுத்த வாரம் வெளிநாடு போகிறோம். உடனே யாராவது எடுத்துக்கொள்வார்களா?

விசா நேற்றா வந்தது? மன்னிக்கவும், இந்தக் கேள்விக்கு மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிடுகிறது. விமான டிக்கெட், வாடகை முன்பணம், பிள்ளைகளின் டிசி என்று எல்லாவற்றுக்கும் மூன்று மாதம் முன்பே ஓடியிருப்பீர்கள். நாய் மட்டும் கடைசி வாரத்தில் ஞாபகம் வருகிறது. நல்ல வீடு கிடைக்கக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் வேண்டும். அதற்குள் முடியவில்லையென்றால், தேடி முடியும்வரை உங்கள் அக்கா வீட்டிலோ பெற்றோரிடமோ வைத்துவிட்டுப் போங்கள், செலவை நீங்கள் அனுப்புங்கள்.

கூட்டிக்கொண்டு போகவே முடியாதா என்றும் ஒருமுறை பாருங்கள். இந்தியா ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால் அமெரிக்கா 2024 ஆகஸ்டிலிருந்து விதிகளை இறுக்கிவிட்டது: நாய்க்கு ஆறு மாத வயதாவது ஆகியிருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், தடுப்பூசி ஆவணங்கள் சரியாக இருக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை அளந்து, அதற்குப் பிறகு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அலைச்சல்தான், செலவும் அதிகம். ஆனால் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். டெல்லி, பெங்களூரு மாற்றல் என்றால் சாக்கே இல்லை. ரயிலில் முதல் வகுப்பு ஏசி கூபேயை மொத்தமாகப் பதிவு செய்தால் நாயும் கூடவே வரலாம்.

மனைவி கர்ப்பமாக இருக்கிறார். பூனை இருந்தால் குழந்தைக்கு ஆபத்து என்கிறார்கள், கொடுத்துவிடவா?

கொடுக்க வேண்டியதில்லை. பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. அது பூனையின் மலம் வழியாக வரும். ஆனால் மலம் வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்தால்தான் தொற்றும் நிலையை அடையும். பூனை மலம் கழிக்கும் மண் தட்டை தினமும் நீங்கள், அதாவது கணவர், சுத்தம் செய்யுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள், வெளியே விடாதீர்கள். சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரை, காய்கறியும்கூட அதே தொற்றைக் கொண்டுவரும். மனத்திருப்திக்கு மனைவியின் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். மாமியார் சொல்கிறார் என்றால் அந்த மருத்துவரையே மாமியாரிடம் பேசச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் நாய் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டது.

அப்படிப் போட முடியாது. இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டாலும் செல்லப்பிராணிக்குத் தடை விதிக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் லிஃப்டில் அசுத்தம், நள்ளிரவுக் குரைப்பு என்று புகார் இருந்தால் அதைச் சரிசெய்வது உங்கள் பொறுப்பு. வாடகை வீட்டுக்காரர் விஷயம் வேறு. அவரிடம் சட்டம் பேசினால் வீடு போகும். ஒப்பந்தம் போடும்போதே நாய் இருப்பதைச் சொல்லி எழுதி வாங்குவதுதான் வழி.

"ஃப்ரீ அடாப்ஷன்" என்று ஃபேஸ்புக்கில் போட்டால் ஒரே நாளில் போய்விடுமே?

போய்விடும். எங்கே போகும் என்பதுதான் விஷயம்.

விலை கொடுத்து வாங்கும் லேப்ரடார், பக், ஷிட்ஸு போன்றவற்றை இலவசம் என்று போட்டவுடன் முதலில் வரும் அழைப்புகளில் ஒரு குரல், "மேலா, ஃபீமேலா? பேப்பர் இருக்கா? கருத்தடை பண்ணிட்டீங்களா?" என்று மூன்றே கேள்வி கேட்கும். நாயின் பெயரைக் கேட்காது. "கருத்தடை ஆகிவிட்டது" என்றதும் லைன் கட். குட்டி போட்டு விற்கிறவர்கள் அவர்கள். அவர்களிடமிருந்து கழித்துவிடப்பட்ட ஒரு பக் பெண்நாயை மூன்று வருடம் முன்பு வேளச்சேரி ரயில் நிலையத்துக்கு வெளியே தூக்கினோம். காம்புகள் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கியிருந்தன. வயிற்றில் ஒரு பழைய தையல், பின்னங்கால் இரண்டும் கூண்டின் கம்பியில் நின்று நின்று விரிந்திருந்தன. புல்தரையில் இறக்கிவிட்டதும் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. புல்லை அதற்கு முன் மிதித்ததில்லை என்று நினைக்கிறோம். வயது ஐந்துதான் இருக்கும் என்றார் மருத்துவர்.

அதனால் நாங்கள் இலவசம் என்ற சொல்லையே போடுவதில்லை. கருத்தடை, தடுப்பூசி முடித்து, அந்தச் செலவில் ஒரு பங்கை எடுக்கிறவரிடம் கேட்கிறோம். பணத்தைவிட, அதைத் தர யோசிக்கிறாரா என்று பார்ப்பதற்கு.

அப்படியென்றால் விளம்பரத்தை எப்படி எழுதுவது?

"இரக்கம் காட்டுங்கள், இல்லையென்றால் தெருவில் செத்துவிடும்" என்று எழுதாதீர்கள். இரக்கப்பட்டு எடுத்த நாய் இரண்டு மாதத்தில் திரும்பி வரும். குறைகளையும் சேர்த்து, கூட வாழ்ந்தவர் சொல்வது போல எழுதுங்கள். நாங்கள் சமீபத்தில் போட்ட ஒன்று:

"பிரவுனி. ஆண், நாலு வயது, கருத்தடை ஆகிவிட்டது, ஊசி புத்தகம் இருக்கிறது. தயிர்சாதம் என்றால் தட்டை நக்கியே சுவர்வரை தள்ளிக்கொண்டு போவான். இடி இடித்தால் பீரோவுக்குப் பின்னால்தான் இருப்பான். கூரியர்காரர்களைப் பிடிக்காது. வேறு ஆண் நாய் இருக்கும் வீட்டுக்கு ஒத்துவராது. மாடிப்படி ஏறிப் பழக்கமில்லை."

படம் பகல் வெளிச்சத்தில், அதன் கண் மட்டத்தில் தரையில் உட்கார்ந்து எடுக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் எல்லா நாயும் பாவமாகத்தான் தெரியும். வீட்டு முகவரியைப் பொதுவில் போடாதீர்கள். காலையில் வாசலில் ஒரு அட்டைப்பெட்டியில் நாலு பூனைக்குட்டி இருக்கும். எங்களில் ஒருவருக்கு நடந்தது.

வீடு பார்க்க வருகிறோம், ஆதார் காட்டுங்கள் என்கிறீர்கள். பெண் பார்க்கும் படலம் மாதிரி இருக்கிறதே?

அதைவிடக் கொஞ்சம் கடினமாகவே பார்க்கிறோம். பெண் பேசும், பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரும்.

போனவுடன் கேட்டின் அடிப்பக்கத்தைப் பார்ப்போம். பூமிக்கும் கேட்டுக்கும் நடுவில் கை நுழைந்தால் பயந்த நாயின் தலை நுழையும். பால்கனி கிரில் இடைவெளியைப் பார்ப்போம். அப்புறம் உட்கார்ந்து காபி குடிப்போம். பேசுகிறவரைவிடப் பேசாதவர்களைத்தான் கவனிப்போம். பெரும்பாலும் பையன் கேட்டிருப்பான், அப்பா சம்மதித்திருப்பார், ஆனால் பகல் முழுக்க நாயோடு இருக்கப்போவது பாட்டி. பாட்டி உள்ளறையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லையென்றால் நாங்கள் நாயைக் கொடுப்பதில்லை. ஒரு முறை ஆதம்பாக்கத்தில் ஒரு பாட்டி, "நாயெல்லாம் எனக்கு ஆகாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே, நாங்கள் கூட்டிப்போன குட்டிக்கு முந்தானையால் கண் பீளையைத் துடைத்துவிட்டார். அந்த வீட்டுக்கு அன்றைக்கே சரி சொல்லிவிட்டோம்.

கேட்கும் கேள்விகள் சாதாரணமானவைதான். ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? இதற்கு முன் நாய் இருந்ததா, அது என்ன ஆயிற்று? "எங்கேயோ ஓடிப்போய்விட்டது" என்ற பதில் இரண்டு முறை வந்தால் எழுந்துவிடுவோம். மாதம் எவ்வளவு செலவாகும் என்று நினைக்கிறீர்கள்? எங்கே கட்டிப்போடுவீர்கள் என்று கேட்டு, "மாடியில்" என்று பதில் வந்தால், மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அந்த மாடியில் வெறுங்காலோடு நின்று பார்க்கச் சொல்வோம்.

செங்கல்பட்டு பக்கம் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது, தாராளமாக ஓடி விளையாடும். கொடுப்பீர்களா?

வீட்டோடு நீங்கள் அங்கே குடியிருந்தால் கொடுப்போம். வாரக்கடைசியில் மட்டும் போகும் தோட்டத்துக்கு இல்லை. அங்கே அது காவல்காரருக்கு ஒரு கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

நாட்டு நாயை யாராவது எடுப்பார்களா?

எடுக்கிறார்கள், முன்பைவிட அதிகமாகவே. நம் வெயிலுக்குப் பொருந்திய உடம்பு, முடி உதிர்வது குறைவு, போட்டதைச் சாப்பிடும். சைபீரியன் ஹஸ்கியை ஏசி அறையில் அடைத்து வைத்து மின் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம், யாரும் கேட்பதில்லை. 2003-இல் பக் நாய் வரும் ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரம் வந்த பிறகு பக் வாங்காத தெரு இல்லை. சப்பை மூக்கோடு அவை நம் ஊர் மே மாதத்தில் மூச்சுக்குத் திணறுவது விளம்பரத்தில் வரவில்லை.

நாட்டு நாயிலும் கறுப்பு, பெண் என்றால் தாமதமாகத்தான் போகும். காரணம் கேட்டால் ராசி என்பார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களும் வருகின்றன. பெருமைக்கு வாங்கி, வேட்டை நாய்க்கு வேண்டிய ஓட்டம் கொடுக்க முடியாமல் விட்டுவிடுகிறார்கள். ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு சிலவற்றுக்குக் காது கேளாமையும் சேர்ந்தே வரும். "கூப்பிட்டால் வருவதில்லை, திமிர் பிடித்தது" என்று எங்களிடம் வந்த ஒரு நாய்க்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதற்கு ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கைச்சாடைக்கு உட்காருகிறது.

ஒன்று மட்டும்: தன் தெருவில் நிம்மதியாக, நாலு பேர் சோறு போட, கருத்தடையும் ஆகி வாழும் நாயைத் தூக்கிவந்து "வீடு தேடித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடைக்குப் பிடித்த நாயைத் திரும்பப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், ஆனால் எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

கிழ நாயை யார் எடுப்பார்கள்? டாக்டரிடம் சொல்லி கருணைக்கொலை ஊசி போட்டுவிடச் சொல்லலாமா?

குணமாகாத வேதனை என்றால் அது மருத்துவர் எடுக்கும் முடிவு, அதை நாங்கள் எதிர்ப்பதில்லை. வெறும் வயதுக்காக என்றால் கூடாது.

பதினொரு வயது லேப்ரடார் ஒன்று வந்தது. வீட்டை விற்றவர்கள் நாயை வீட்டோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். புதிதாக வாங்கியவர் சாவி திறந்து பார்த்தபோது கொல்லையில் கட்டியிருந்தது. பெல்ட்டைச் சின்ன வயதில் போட்டு யாரும் தளர்த்தவே இல்லை. கழுத்துச் சதைக்குள் புதைந்து, மேலே தோல் மூடத் தொடங்கியிருந்தது. மருத்துவர் மயக்கம் கொடுத்து வெட்டி எடுத்த அந்த நைலான் துண்டு ஒரு சாண் நீளம்கூட இல்லை. வீடு கிடைக்கவே கிடைக்காது என்று நாங்களே நினைத்தோம். எடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. "குட்டி எடுத்தா அது எனக்கு அப்புறமும் இருக்கும், அதுக்கு யாரு? இவன்தான் எனக்கு சரி" என்றார். ஒன்றரை வருடம் இருந்தது. மூட்டு வலி மாத்திரை, தரையில் வழுக்காமல் இருக்கக் கோணிச்சாக்கு, இரவில் விளக்கு. அவ்வளவுதான் கேட்டது.

வயதானவர்கள் குட்டி எடுக்க வந்தால் இப்போது நாங்களே வயதான நாயைக் காட்டுகிறோம்.

பூனைக்கும் இதே நடைமுறைதானா?

கிட்டத்தட்ட. மாடி வீடு என்றால் ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடித்த பிறகுதான் கொடுப்போம். "பூனை விழாது" என்பார்கள். புறாவைத் தாவிய பூனை விழும். கையில் தூக்கியோ கட்டைப்பையில் போட்டோ கொண்டுபோகக் கூடாது, மூடிய கூடை வேண்டும். போனதும் ஒரே அறையில் பத்து நாள். உடனே வீடு முழுக்கத் திறந்துவிட்டால் பழைய வீட்டைத் தேடிப் போய்விடும். பால் கொடுக்க வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்கு வரும். ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்ய வேண்டும், இல்லையென்றால் அட்டைப்பெட்டிக் கதை தொடரும்.

கிளி, ஆமைக்கும் வீடு தேடித் தருவீர்களா?

முடியாது. பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. வைத்திருப்பதே குற்றம், கைமாற்றுவதும் குற்றம். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. மீன் கடையில் வாங்கிய, காதோரம் சிவப்புக் கோடுள்ள குட்டி ஆமை வளர்ந்து தொட்டி போதவில்லை என்று கோயில் குளத்தில் விடாதீர்கள். அது வெளிநாட்டு இனம், நம் ஊர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துவிடும். முயல், லவ் பேர்ட்ஸுக்கு உதவுகிறோம்.

விட்டுவிட்டுப் போனவரை சிசிடிவியில் பார்த்தோம், வண்டி எண் இருக்கிறது. கேஸ் போடலாமா?

போடலாம். 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில், பட்டினியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் பிராணியைக் கைவிடுவது குற்றம். தண்டனையைக் கேட்டால் சிரிப்பீர்கள்: முதல் முறைக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்து வளர்ந்த சட்டம் அது. 1960-இல் 50 ரூபாய் பெரிய தொகை. அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்த எண்ணை யாரும் மாற்றவில்லை.

அதற்காகச் சும்மா விட வேண்டாம். புகார் எழுதிக் கொடுத்தால் அந்த ஆளுக்கு ஸ்டேஷனிலிருந்து போன் போகும், பல பேருக்கு அதுவே போதும். விஷம் வைத்தாலோ ஊனமாக்கினாலோ இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு இருக்கிறது, ஐந்து வருடம் வரை சிறை. சென்னை மாநகராட்சி செல்லப்பிராணி உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் 2025-இல் கட்டாயமாக்கியது. உரிமக் கட்டணம் வருடத்துக்கு 50 ரூபாய், எடுக்காவிட்டால் அபராதம் 5,000. சிப் பரவினால் விட்டவர் பெயர் நாயின் தோலுக்குள்ளேயே இருக்கும். எங்கள் நம்பிக்கை இப்போதைக்கு அதன்மேல்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை: விட்டுவிட்டுப் போனவரைக் கண்டுபிடித்தாலும் அவரிடமே நாயைத் திரும்பக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை அவர் இன்னும் தூரமாகப் போய் விடுவார்.

எடுத்து இரண்டு நாள் ஆகிறது, சாப்பிடவில்லை, கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா?

எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வோம், ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறோம். ஆனால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அடாப்ஷன் செய்கிறவர்கள் மத்தியில் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடும், மூன்று மாதத்தில் இது தன் வீடு என்று தெரியும். சொந்தக்காரர்களை வரவழைத்துக் காட்ட வேண்டாம், முதல் நாளே குளிப்பாட்ட வேண்டாம். பழைய வீட்டிலிருந்து நாங்கள் கொடுத்தனுப்பிய துண்டைத் துவைக்காமல் அது படுக்கும் இடத்தில் போடுங்கள். தண்ணீரே குடிக்கவில்லை, வாந்தி, ரத்தம் கலந்த பேதி என்றால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

முதல் இரண்டு வாரத்தில்தான் நாய்கள் ஓடிப்போகின்றன. வெளியே போகும்போது பெல்ட்டில் ஒன்று, மார்புப் பட்டையில் ஒன்று என்று இரண்டு கயிறு போடுங்கள். ஸ்விக்கிக்காரருக்குக் கதவு திறக்கும் அந்த அரை நிமிடத்தில் உள்கதவு சாத்தியிருக்க வேண்டும்.

கொடுத்த பிறகு நான் போய்ப் பார்க்கலாமா?

முதல் இரண்டு மாதம் வேண்டாம். படம், வீடியோ கேட்டு வாங்கிப் பாருங்கள். அது அந்த வீட்டில் காலூன்றும் நேரத்தில் நீங்கள் போய்விட்டு மறுபடி கிளம்பினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அதற்கப்புறம் போகலாம். அந்த ஏடிஎம் ஸ்பிட்ஸைக் குரோம்பேட்டையில் ஒரு வீட்டில் கொடுத்தோம், மூன்று மாதம் கழித்துப் போனோம். பெயரை அப்பு என்று மாற்றியிருந்தார்கள். எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது, மோந்து பார்த்தது. அப்போது வெளியே ஒரு கார் வந்து நின்றது, வெள்ளைக் கார். காதை மட்டும் தூக்கிக் கேட்டுவிட்டு, சமையலறையில் குக்கர் விசில் வந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டது.